எங்க வார்டு கவுன்சிலர் எதுக்குக் கை தூக்குனாருன்னு எங்க பாக்கறது?

வெண்ணாத்தங்கரை:

டெல்டாவுல ஒரு நகராட்சி, பேரு வேணாம், சின்ன ஊரு, சொன்னா அஞ்சு நிமிஷத்துல ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்க. எங்க வார்டு கவுன்சிலர் 2022 பிப்ரவரி தேர்தல்ல சுயேச்சையா நின்னு ஜெயிச்சவரு. ரெண்டு பெரிய கட்சியும் நம்ம தெருவ எட்டிக்கூடப் பாக்கலன்னு சொல்லித்தான் ஓட்டுக் கேட்டாரு, நானும் போட்டேன், மறைக்க என்ன இருக்கு. ஜெயிச்ச கையோட ஆளுங்கட்சி மாவட்டச் செயலாளருக்குப் பக்கத்துல சால்வையோட நிக்கிற போட்டோ வந்துச்சு. சரி வார்டுக்கு வேலை நடக்கணும்ல, தண்ணி லாரி வரணும்ல, போனா போயிட்டுப் போறாருன்னு விட்டுட்டோம்.

இப்ப பிரச்சனை என்னன்னா மனுஷன் எந்தப் பக்கம்னே தெரியல. சொத்து வரி ஏத்துனப்ப எங்க தெருவுல வந்து "மன்றத்துல நான் கடுமையா எதிர்த்தேன்"னாரு. குப்பை அள்றதக் காண்ட்ராக்ட்டுக்கு விடறாங்கன்னு தூய்மைப் பணியாளருங்க ஆபீஸ் வாசல்ல உக்காந்தப்ப அங்கயும் போயி துண்ட விரிச்சு உக்காந்து "நான் உங்க பக்கம்"னாரு. பக்கத்து ஊராட்சிய எங்க நகராட்சியோட சேக்கற விஷயத்துல அந்த ஊர் சனத்துக்கிட்ட நூறுநாள் வேலைய விட்டுத்தர மாட்டேன்னு பேசிட்டு வந்து எங்ககிட்ட ஊரு பெருசானாத்தான் நிதி வரும்ங்கறாரு. மே தினக் கொடியேத்தத்துக்கும் போறாரு, பிள்ளையார் ஊர்வலத்துலயும் முன்னாடி நிக்கிறாரு, தர்கா கந்தூரிக்கும் சர்க்கரை அனுப்புறாரு. எங்க தெரு வாட்ஸப் குரூப்புல ஒருத்தர் அவரு உள்ளுக்குள்ள இடதுசாரிங்கறாரு, இன்னொருத்தர் அவரு காவிங்கறாரு, மூணாவது ஆளு அவரு எந்தக் கொடியும் இல்ல, காண்ட்ராக்டர் கொடிங்கறாரு. சண்டை முத்திப்போயி அட்மின் குரூப்பப் பூட்டி வச்சிட்டாரு.

வெளிநாட்டுல இருக்கற என் மச்சான் சொல்றாரு, அவரு ஊருல ஒவ்வொரு கவுன்சிலரும் எந்தத் தீர்மானத்துக்கு ஆதரவு எதுக்கு எதிர்ப்புன்னு வெப்சைட்ல வரிசையாப் போட்டிருப்பாங்களாம், அதப் பாத்தே ஆளு எந்தப் பக்கம்னு சொல்லிடலாமாம். நம்ம ஊருல அப்படி ஏதாவது உண்டா? மன்றத்துல அவரு நெஜமாவே எதிர்த்தாரா இல்லையான்னு எந்தக் காகிதத்துல இருக்கும்? 2027 ஆரம்பத்துல இந்த மன்றத்தோட அஞ்சு வருஷம் முடியுது, திரும்பவும் வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு, அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும்.

கடைத்தெரு:

கை தூக்கறதா? எங்க ஊரு கூட்டத்துல கேசரி தட்ட வாங்கத்தான் கை தூக்கிப் பாத்துருக்கேன். 2023 ஜூலைலேர்ந்து நகராட்சி கவுன்சிலருக்கு மாசம் 5000 மதிப்பூதியம், மாநகராட்சின்னா 10000, அதுக்கு இதெல்லாம் போதும்னு நினைக்கிறாங்க போல.

மன்றப்பிரிவு ஓய்வு:

தம்பி, கிண்டல் இருக்கட்டும். நான் நகராட்சியில மன்றப் பிரிவு சீட்டுல உக்காந்து அஜெண்டாவும் மினிட்ஸும் எழுதியே ரிட்டயர் ஆனவன், எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்.

மச்சான் சொல்ற மாதிரி லிஸ்ட் இங்க கிடையாது. வெப்சைட்ல போடலங்கறது மட்டும் இல்ல, ஆளாளுக்கு ஓட்டு எண்றதே இங்க அபூர்வம். கூட்டம் எப்படி நடக்கும்னா, கூட்டத்துக்கு முன்னாடியே அஜெண்டா வீட்டுக்கு வந்துரும், அதுல ஒவ்வொரு விஷயமும் பொருள் எண் போட்டு, ஆபீஸ் குறிப்போட, கடைசியில மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்னு முடிஞ்சிருக்கும். கூட்டத்தன்னைக்குத் தலைவர் வந்து உக்காந்ததும் எங்காளு பொருள் எண்ண மளமளன்னு வாசிப்பாரு, கீழேர்ந்து "ஆல் பாஸ், ஆல் பாஸ்"னு ரெண்டு குரல் வரும், அவ்ளோதான், அறுபது பொருள் இருந்தாலும் டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சிரும். அப்புறம் கேள்வி நேரம் மாதிரி தெருவிளக்கு, நாய்த்தொல்லை, பாதாள சாக்கடை மூடின்னு ஒரு மணி நேரம் காரசாரமா ஓடும். மறுநாள் பேப்பர்ல வர்றது அந்தக் காரசாரம். ஆனா சட்டப்படி முடிவாகறது அதுக்கு முன்னாடி நடந்த மளமளதான். மினிட்ஸ் புஸ்தகத்துல "ஏகமனதாக அனுமதிக்கப்பட்டது"ன்னு எழுதுவோம், அதுக்கு மேல ஒரு வரி இருக்காது.

ஆனா முக்கியமான விஷயம் இங்கதான் இருக்கு. ஒரு கவுன்சிலர் எழுந்து இந்தப் பொருளுக்கு என் ஆட்சேபணையப் பதிவு பண்ணுங்கன்னு சொல்லி எழுதியும் குடுத்துட்டாருன்னா அதப் பதிவு பண்ணித்தான் ஆகணும். வெளிநடப்பு பண்ணாலும் குறிப்பு வரும். முக்கியமான பொருள்ல முன்மொழிஞ்சவர் யாரு வழிமொழிஞ்சவர் யாருன்னும் பேர் இருக்கும். ஆக நீங்க தேட வேண்டியது ஓட்டு இல்ல, இந்த மூணு தடயம். மேடையில மைக் பிடிச்சு எதிர்த்தேன்னு சொல்றதெல்லாம் ஆபீஸ் கணக்குல எதிர்ப்பே இல்ல. கத்திட்டு உக்காந்தவரு பேரு ஏகமனதுலதான் சேரும்.

சொத்து வரி விஷயத்துக்கு வர்றேன். 2022 ஏப்ரல்ல அரசு அறிவிச்ச விகிதம், சென்னைக்கு வெளியில 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100, கடை கட்டடத்துக்கும் 100. இத மன்றம் தீர்மானம் போட்டு ஏத்துக்கணும். 15வது நிதிக்குழு மானியம் வேணும்னா சொத்து வரியச் சீரமைக்கணும்னு நிபந்தனை, அதக் காட்டித்தான் ஏத்துனாங்க. அதனால எந்த மன்றமா இருந்தாலும் தடுத்து நிறுத்தற வாய்ப்பு ரொம்பக் கம்மி, அது உள்ள உக்காந்த எல்லாருக்கும் தெரியும். செலவில்லாத எதிர்ப்பு அது. நெஜமா வார்டு மேல அக்கறை இருந்தா வேற எடத்துல கை வச்சிருக்கணும், அதாவது எந்தத் தெரு ஏ மண்டலம் எந்தத் தெரு பி மண்டலம்னு பிரிக்கறது இருக்கு பாருங்க, அதுல ஒரு குறுக்குச் சந்த ஏ-யிலேர்ந்து பி-க்கு எறக்குனாலே அந்தச் சந்துக்காரனுக்கு வருஷா வருஷம் பணம் மிச்சம். உங்க ஆளு அதுக்கு ஏதாவது மனு குடுத்தாரான்னு பாருங்க.

சால்வை போட்டோவப் பத்திக் கவலப்பட்டு பிரயோஜனம் இல்ல. 1985ல வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் எம்பி எம்எல்ஏவுக்குத்தான். கேரளாவுல உள்ளாட்சிக்குன்னே 1999ல தனிச் சட்டம் போட்டாங்க, அங்க சுயேச்சையா ஜெயிச்சவன் கட்சியில சேந்தா பதவி போயிரும். நம்மகிட்ட அது இல்ல, காலையில ஒரு துண்டு சாயங்காலம் ஒரு துண்டு போட்டாலும் கேக்க ஆளில்ல. 2022 மார்ச் 4ந்தேதி தலைவர் தேர்தல்ல யாருக்குப் போட்டாருன்னும் உங்களால கண்டுபிடிக்க முடியாது, அது மறைமுக ஓட்டு.

தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு. முப்பது நாள்ல பதில் வரணும், வரலைன்னா அதே ஆபீஸ்ல மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையம். ஏன் எதிர்க்கல, எந்தக் கட்சின்னெல்லாம் கேட்டீங்கன்னா "தாங்கள் கோருவது தகவல் வரையறைக்குள் வராது"ன்னு ஒரே வரியில முடிச்சு அனுப்பிருவாங்க, நானே அப்படி அனுப்பிருக்கேன். இன்ன தேதிக் கூட்டம், இன்ன பொருள் எண், தீர்மான நகல், வருகைப் பதிவேட்டு நகல், ஆட்சேபணைக் கடித நகல், இப்படிக் காகிதத்தோட பேரச் சொல்லிக் கேளுங்க. நேர்ல போயி பதிவேட்டப் பாக்கணும்னும் அதே மனுவுல கேக்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்ல. பக்கத்துக்கு 2 ரூபா குடுத்து நூறு பக்கம் ஜெராக்ஸ் வாங்கறதவிட உக்காந்து புரட்டறது மேல்.

பகுதிநேர நிருபர்:

ஐயா சொன்னது அத்தனையும் சரி, பிரஸ் பெஞ்ச்ல உக்காந்து பாக்கறவன் கணக்குல கொஞ்சம் சேக்கறேன்.

ஒரு கவுன்சிலர் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்க ஹைட்ரோகார்பன், மேகதாது தீர்மானத்தையெல்லாம் பாக்காதீங்க. டெல்டாவுல அதுக்கு எதிரா கை தூக்காதவன் ஊருக்குள்ள நடமாட முடியாது, எல்லாக் கட்சியும் ஒண்ணுதான். பிள்ளையார் ஊர்வலம், கந்தூரி, மே தினம் இதெல்லாம் வார்டு கவுன்சிலருக்கு மொய் வைக்கிற மாதிரி, எல்லா வீட்டுக்கும் வச்சாகணும். ஆளு வெளிய வர்றது நாலு எடத்துலதான். தரைக்கடைக்காரங்கள எங்க தள்றது, நகராட்சிக் கடைகளுக்கு வாடகையும் ஏலமும், கொளத்தங்கரை ஆக்கிரமிப்பு, அப்புறம் தூய்மைப் பணிய அவுட்சோர்ஸிங் விடறது. இந்தக் கடைசி விஷயத்துல அரசாணை 152, 139 ரெண்டையும் ரத்து பண்ணச் சொல்லி சங்கங்கள் ஊரூரா போராடுச்சு, அந்தப் பொருள் மன்றத்துக்கு வந்தன்னைக்கு யாரு பேசுனா யாரு போன் வந்த மாதிரி எழுந்து வெளிய போனான்னு பாத்தாலே பாதி அரசியல் புரிஞ்சிரும். போன் வந்து வெளிய போறது தனிக் கலை. வருகைப் பதிவேட்டுல கையெழுத்து இருக்கும், ஏன்னா தொடர்ந்து மூணு மாசம் கூட்டத்துக்கு வரலைன்னா பதவிக்கே ஆபத்து, ஆனா அந்தப் பொருள் வர்றப்ப ஆளு கேண்டீன்ல இருப்பாரு.

கட்சின்னு பாத்தா, என் அனுபவத்துல ஆட்சேபணையப் பதிவு பண்ணுங்கன்னு விடாம கேக்கறது பெரும்பாலும் கம்யூனிஸ்ட்காரங்க, கூட்டணியில இருந்தாலும் சரி. அவங்களுக்கு அது கட்சிப் பழக்கம். மத்தபடி ஆளுங்கட்சிக் கூட்டணியில இருக்கறவரு மன்றத்துல எதிர்த்தாருன்னா சாயங்காலம் மாவட்டச் செயலாளர்கிட்டேர்ந்து போன் வரும். கும்பகோணம் மாநகராட்சியானதும் முதல் மேயர் பதவி காங்கிரசுக்குப் போச்சு, மன்றத்துல பெரும்பான்மை திமுக, அதுவும் கூட்டணிக் கணக்குதான். அந்த 2022 மார்ச் 4 அன்னைக்கே வேற பல ஊர்ல கூட்டணிக்கு ஒதுக்குன தலைவர் பதவிக்கு திமுக ஆளுங்களே போட்டி போட்டு ஜெயிச்சு, ராஜினாமா பண்ணுங்கன்னு முதல்வரே சொல்ற நிலைமை வந்துச்சு. ஆக கொடி ஒண்ணு, ஓட்டு ஒண்ணு.

வாயால எதிர்க்கறதுக்கும் ஓட்டுக்கும் எவ்ளோ தூரம்னு பாக்கணும்னா காஞ்சிபுரம் எடுத்துக்கங்க. மேயர் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம்னு மாசக்கணக்குல சண்டை, 2024 ஜூலை 29 கூட்டத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட வரல, தீர்மானம் தோத்துப்போச்சு. திருநெல்வேலியிலயும் அந்த வருஷம் ஜனவரில அதேதான்.

இன்னொண்ணு, பாதி வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடு, நெறைய எடத்துல கவுன்சிலரோட வீட்டுக்காரர்தான் கவுன்சிலர். அப்படி எடத்துல யாரோட அரசியலப் பாக்கறதுன்னே தெரியாது.

தாமரைக்குளத்தெரு:

நிருபர் அண்ணே, எல்லா எடத்தையும் அப்படிச் சொல்லாதீங்க. எங்க வார்டு கவுன்சிலர் அக்கா பூ கட்டி விக்கிறவங்க, அஜெண்டா வந்ததும் எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்து என் பொண்ணுகிட்ட வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் கூட்டத்துக்குப் போவாங்க. மினிட்ஸ்ல வழிமொழிஞ்சவர்னு ஒரு தடவ அவங்களக் கேக்காமலே பேரப் போட்டுட்டாங்க, அடுத்த கூட்டத்துல எழுந்து அந்தப் பேர அடிக்க வச்சாங்க. வீட்டுக்காரரு பைக்க வெளிய நிறுத்திட்டு மரத்தடியில உக்காந்திருப்பாரு. ஆம்பள கவுன்சிலர் எத்தன பேரு அஜெண்டாவப் படிச்சாங்கன்னு நீங்க எழுதுனதே இல்லையே.

காரைக்கால்காரன்:

நீங்கள்லாம் கவுன்சிலர் எதுக்குக் கை தூக்குனாருன்னு சண்ட போடறீங்க, எங்களுக்குக் கவுன்சிலரே இல்லங்க. புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல 1968க்கு அப்புறம் 2006லதான் உள்ளாட்சித் தேர்தல், அதுவும் கோர்ட்டுக்குப் போயி. 2011ல பதவிக்காலம் முடிஞ்சுது, அதோட சரி. 2021ல தேதி வரைக்கும் வந்து நின்னுபோச்சு. கொம்யூன் பஞ்சாயத்துல எல்லாம் அதிகாரிங்கதான், அவங்களுக்கு எந்தப் பக்கமும் இல்ல, டிரான்ஸ்பர் பக்கம்தான். எல்லையத் தாண்டி நாகப்பட்டினம் போனா சுவத்துல கவுன்சிலர் பேரு பெயின்ட்ல இருக்கும், என் பசங்க அது யாருன்னு கேக்கறாங்க.

கடைத்தெரு:

காரைக்கால் அண்ணே, நாங்களும் 2016 அக்டோபர்லேர்ந்து 2022 மார்ச் வரைக்கும் தனி அலுவலர்கிட்டதான் இருந்தோம். சாக்கடை அப்பவும் அப்படித்தான் நின்னுச்சு.

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன மாதிரியே மனு போட்டு, பதிவேட்டப் பாக்க வரச் சொல்லிக் கடிதம் வந்துச்சு, போயிட்டும் வந்துட்டேன். மன்றப் பிரிவுல ஒரு அம்மா மரியாதையா உக்கார வச்சு எடுத்துக் குடுத்தாங்க, ஆனா அரைமணி நேரத்துலயே கவுன்சிலருக்குத் தகவல் போயிருச்சு, "என்ன தம்பி, நம்மகிட்டயே கேட்டிருக்கலாமே"ன்னு போன்.

சொத்து வரித் தீர்மானம், அவரு கையெழுத்து இருக்கு, ஆட்சேபணை ஒண்ணும் இல்ல, ஏகமனதாக. மண்டலம் மாத்தச் சொல்லியும் எதுவும் இல்ல. தூய்மைப் பணி அவுட்சோர்ஸிங் பொருள், எதிர்த்து ஆட்சேபணை குடுத்தது ரெண்டே பேரு, ஒருத்தர் சிபிஎம், ஒருத்தர் அதிமுக, எங்காளு இல்ல. ஊராட்சிய சேக்கறதுல பாருங்க, வழிமொழிஞ்சவர்னு இவரு பேருதான் இருக்கு! அந்த ஊர்ல நூறுநாள் வேலைய விடமாட்டேன்னு பேசுன அதே வாரம். நகராட்சி எல்லைக்குள்ள வந்துட்டா அந்த வேலை கிடையாதுன்னு அவருக்குத் தெரியாம இருக்காது. தாமரைக்குளத்தெரு அக்கா சொன்ன மாதிரி கேக்காம போட்டிருப்பாங்களோன்னு அடுத்தடுத்த மினிட்ஸயும் பாத்தேன், திருத்தச் சொல்லி எதுவும் இல்ல.

ஆனா ஒரு எடத்துல மட்டும் மூணு பக்கத்துக்கு எழுத்துல ஆட்சேபணை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கற நகராட்சிக் கடைகளுக்கு வாடகைய மறு நிர்ணயம் பண்ற பொருள். பழைய வாடகை எவ்ளோ, பக்கத்துத் தனியார் கடை எவ்ளோ, முன்பணம் எவ்ளோ, கொரோனாவுல எத்தன மாசம் பூட்டிக் கிடந்துச்சுன்னு அட்டவணை போட்டு எழுதிருக்காரு, நல்லா எழுதிருக்காரு, உண்மையச் சொல்லணும்ல. அந்தப் பொருள் ஒத்திவைக்கவும்பட்டுச்சு. அதாவது இந்த ஆளுக்கு எதிர்க்கத் தெரியும், எப்படி எதிர்க்கணும்னும் தெரியும். அவரு சின்ன மாமனாருக்கு அந்த வரிசையில ஒரு ஸ்வீட் ஸ்டால் இருக்குன்னு எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும்.

மன்றப்பிரிவு ஓய்வு:

தம்பி, அந்த ஸ்டால் விஷயத்துல நிதானமாப் போங்க. தனக்குப் பண ஆதாயம் இருக்கற பொருள்ல உறுப்பினர் பேசவும் கூடாது ஓட்டும் போடக்கூடாதுன்னு விதி உண்டு, ஆனா தனக்குன்னா எதுவரைக்கும்ங்கறதுல வக்கீலுங்களே மல்லுக்கட்டுவாங்க. சின்ன மாமனாரு கடை அதுல வருமான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. கடை யாரு பேருல குத்தகைன்னு பதிவேட்டுல பாத்தீங்களா? பாக்காம வாட்ஸப்ல போட்டுராதீங்க.

பஸ்ஸ்டாண்ட் வியாபாரி:

நானும் வேற ஊர்ல நகராட்சிக் கடை எடுத்து நடத்தறவன்தான். உங்க கவுன்சிலர் மத்ததுல நாடகம் போட்டிருக்கலாம், ஆனா வாடகை விஷயத்துல ஒருத்தன் உக்காந்து அட்டவணை போட்டு எழுதறது லேசுப்பட்ட வேலையில்ல. எங்க ஊர்ல ஒரே நாள்ல ஏத்தி, பாக்கின்னு நோட்டீஸ் ஒட்டி, ரெண்டு கடைக்கு சீல் வச்சப்ப அத்தன கவுன்சிலரும் ஆல் பாஸ்தான். சொந்தக்காரன் கடைக்காக எழுதுனாருன்னே வச்சுக்கங்க, மத்த கடைக்காரனும் சேந்துதானே பொழச்சான்? அவரு எந்தப் பக்கம்னு கேட்டீங்கல்ல, கடைத்தெருப் பக்கம், அவ்ளோதான். அப்படி ஒரு பக்கம் இருக்கறது தப்பா?

வெண்ணாத்தங்கரை:

தப்புன்னு சொல்லல அண்ணே. கடைத்தெருப் பக்கம்னு சொல்லி ஓட்டுக் கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன். அந்தத் துப்புரவுக்காரங்க கூட துண்ட விரிச்சு உக்காந்தாரே, அதத்தான் என்னால ஜீரணிக்க முடியல. குத்தகைப் பதிவேடு பாக்கல, அதுக்குத் தனியா மனு போடறேன். ஐயா, நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்கு, ஊராட்சியில கிராம சபை மாதிரி, நம்ம வார்டுல பகுதி சபா கூட்டம் போடுவாங்கல்ல, அதுல இந்த நகல வச்சுக்கிட்டு அவர்கிட்ட நேராவே கேக்கலாமா?

மன்றப்பிரிவு ஓய்வு:

தாராளமாக் கேளுங்க, அதுக்குத்தான் அந்தக் கூட்டம். தேதிய மட்டும் முன்கூட்டியே விசாரிச்சு வச்சுக்கங்க, சில எடத்துல போட்டோ எடுக்க மட்டும் பத்துப் பேரக் கூப்புட்டு முடிச்சிருவாங்க. கேள்வி ஒண்ணே ஒண்ணு போதும், ஊராட்சி சேக்கற பொருள ஏன் வழிமொழிஞ்சீங்க. வரி, குப்பை, கடை மூணையும் ஒண்ணா அள்ளிக்கிட்டுப் போனா அவரு தனக்கு வசதியானதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு மாலைய வாங்கிக்கிட்டுக் கெளம்பிருவாரு. அந்த ஊராட்சிக்காரங்க ரெண்டு பேரயும் கூட்டிட்டுப் போங்க. நகல்ல சான்றிட்ட நகல்னு முத்திரை இருக்கான்னு பாத்துக்கங்க, இல்லைன்னா இதெல்லாம் போலின்னு சொல்றதுக்கு ஒரு நிமிஷம் ஆகாது.